நட்சத்திரம் பிறக்கும் ஊரில் ஒரு கவர்னர்!

போன கார்த்திகை மாதம் நாங்க அஞ்சு பேர் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, பகலெல்லாம் சுற்றிவிட்டு, இருட்டியதும் லேடீஸ் சீட்டில் நின்றோம். கீழே சேலத்து விளக்குகள். கிழக்கே கார்த்திகை நட்சத்திரங்கள். கொஞ்ச நேரத்தில் மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

"ஈரக்காற்று மேலே ஏறினா குளிரும், குளிர்ந்தா திரளும்" என்றேன்.

"அப்போ நட்சத்திரமும் வாயு குளிர்ந்துதானே உண்டாகுது?" என்றான் நண்பன்.

சரியான கேள்வி! சூடான வாயு விரியப் பார்க்கும். குளிர்ந்தால்தான் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கி நட்சத்திரமாகும். கார்த்திகைக்கு வடக்கே பெர்சியஸ் பகுதியில், சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரத்தில், ஒரு பெரிய கேலக்ஸிக் கொத்து இருக்கிறது. அதன் நடுவில் ஒரு ராட்சத கேலக்ஸி. சுற்றிலும் பல கோடி டிகிரி சூட்டில் வாயு. அது எக்ஸ் கதிராக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் குளிர்ந்து நடுவில் விழுந்து, வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் பிறக்க வேண்டாமா? (நம் பால்வீதியில் ஒன்றிரண்டு சூரியன் அளவுதான்.) ஆனால் அங்கே அவ்வளவு பிறக்கவில்லை.

ஏன்? பதில் தந்ததில் பெரிய பங்கு, 1999-ல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு வாங்கிய நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது! நடுவிலுள்ள கருந்துளை, சூடான வாயுவுக்குள் பெரும் குமிழிகளை ஊதுவதை அது தெளிவாகக் காட்டியது. வாயு குளிர்ந்து விழுந்தால் கருந்துளை சீறும், சீற்றத்தில் வாயு சூடாகும், வரத்து குறையும், சீற்றம் அடங்கும், வாயு மறுபடி குளிரும்.

இது நம்ம கவர்னர்தானே! (மாநில கவர்னர் இல்லைங்க, தியரி ஆஃப் மெஷின்ஸ் கவர்னர்.) வேகம் கூடினால் குண்டுகள் விரியும், நீராவி குறையும், வேகம் குறைந்தால் வால்வு திறக்கும். கவர்னர் தளர்ந்தால்? 2012-ல் அறிவிக்கப்பட்ட பீனிக்ஸ் கொத்தைப் பாருங்கள்: அதன் நடு கேலக்ஸியில் ஆண்டுக்கு 500 சூரியன்களுக்கு மேல் பிறக்கின்றன!

கவர்னர் படத்தை மனப்பாடமாய் வரைந்து அரியர் வாங்கினவன் நான். எதற்காக அந்தக் குண்டுகள் சுற்றுகின்றன என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. ஏற்காட்டு மூடுபனியில்தான் புரிந்தது. வரும் ஏப்ரலில் அந்தப் பேப்பரை மறுபடி எழுதுகிறேன். இந்த முறை மனப்பாடம் கிடையாது!