மண்ணீரலில் மருந்து, நுரையீரலில் நஞ்சு

நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில் போடப்படும் முதல் ஊசிகளில் ஒன்று பி.சி.ஜி. மூளையுறையைத் தாக்கும் காசநோயிலிருந்தும், உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் அது பச்சிளங் குழந்தைகளை நன்றாகவே காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலையும் காக்குமா? விடை தேடி 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிகப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. சுமார் 2.6 லட்சம் பேருக்கு ஊசி போடப்பட்டது, சிலருக்கு பி.சி.ஜி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. 15 ஆண்டுகள் கண்காணித்த பிறகும், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுத்ததாகத் தெரியவில்லை.

ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக்கார பாக்டீரியாக்கள் நம் உடலை முன்பே பழக்கிவிட்டதால் தடுப்பூசியின் பலன் மங்கிப்போனது என்பது அவற்றில் ஒன்று. அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் வேறொரு பக்கம் கை காட்டுகின்றன: தடுப்பூசி உருவாக்கும் டி செல்கள் உடலில் எங்கே தங்குகின்றன?

டி செல்கள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறும் வெள்ளணுக்கள். கிருமியின் புரதத் துண்டு ஒன்றை அடையாளம் காணும் திறன் ஒவ்வொன்றுக்கும் உண்டு. காசநோய்க் கிருமியோ ஒளிந்து வாழ்வது. தன்னை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் செல்லின் வயிற்றுக்குள்ளேயே குடியேறிவிடும். சிடி4 வகை டி செல் அந்த மேக்ரோஃபேஜைக் கண்டுபிடித்து, இண்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும். அது பட்டதும் மேக்ரோஃபேஜ் விழித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கிருமியைத் தாக்கத் தொடங்கும். எச்.ஐ.வி. சிடி4 செல்களை அழிக்கும்போது காசநோய் தலைதூக்குவது இதனால்தான்.

அப்படியானால் டி செல்கள் அதிகமாக இருந்து, இண்டர்ஃபெரானும் அதிகமாகச் சுரந்தால் நோய் அடங்கிவிட வேண்டாமா? கணக்கு அவ்வளவு நேரானதல்ல.

முதல் சிக்கல் தாமதம். மூச்சுக் காற்றோடு நுரையீரலில் இறங்கிய கிருமி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிறகே டி செல்களுக்குத் தகவல் கிடைக்கிறது. எலிகளில் இதற்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பெருகிய டி செல்கள் நுரையீரலுக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரங்கள். அதுவரை கிருமி தடையின்றிப் பெருகுகிறது.

இரண்டாவது சிக்கல், வந்து சேர்ந்தவை எங்கே நிற்கின்றன என்பது. 2014இல் அமெரிக்காவின் தேசிய ஒவ்வாமை, தொற்றுநோய் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் நோயுற்ற எலிகளின் இரத்த நாளத்தில் நிறமேற்றிய ஆன்டிபாடியைச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் நாளங்களுக்குள் இருந்த டி செல்கள் மட்டும் நிறம் பூசிக்கொண்டன. நுரையீரல் திசுவுக்குள் நுழைந்திருந்தவை தப்பின. பார்த்தால், நுரையீரலில் இருப்பதாக எண்ணியிருந்த டி செல்களில் ஒரு பெரும் பகுதி நாளங்களிலேயே தங்கியிருந்தது. வீட்டுக்குள் தீ எரிய, தண்ணீர் லாரி தெருவிலேயே நிற்பது போல. வியப்பு அதோடு நிற்கவில்லை. இண்டர்ஃபெரானை அதிகம் சுரக்கும் செல்கள்தாம் நாளத்தில் தேங்கியிருந்தன. குறைவாகச் சுரந்தாலும் திசுவுக்குள் நுழைந்த செல்களே நோயை நன்றாகக் கட்டுப்படுத்தின.

அதே குழு 2016இல் உறுப்புகளை ஒப்பிட்டது. எலியின் மண்ணீரலில் டி செல்கள் கிருமியை அடக்குவதில் 80 சதவீதத்துக்கு மேல் இண்டர்ஃபெரான் காமாவின் பங்கு. நுரையீரலில் அது ஏறக்குறைய 30 சதவீதம்தான். டி செல்லும் அதேதான், கிருமியும் அதேதான்; மாறியது உறுப்பு மட்டும். பிறகு, இண்டர்ஃபெரான் சுரக்கும் திறனைச் சுமார் இரு மடங்காக்கிப் பார்த்தார்கள். மண்ணீரலில் கிருமி இன்னும் அடங்கியது. நுரையீரலில் நோய் முற்றி, எலிகள் சீக்கிரமே இறந்தன.

நுரையீரலின் காற்று நுண்ணறைச் சுவர் மிக மெல்லியது. அழற்சி மிஞ்சினால் மூச்சுக்கே இடைஞ்சல். டி செல்லின் மேற்பரப்பிலுள்ள பிடி-1 என்ற புரதம் அங்கே பிரேக்காக வேலை செய்து இண்டர்ஃபெரானை மட்டுப்படுத்துகிறது. புற்றுநோய்க்காக அந்த பிரேக்கை விடுவிக்கும் மருந்து பெற்ற சிலருக்குக் காசநோய் கிளம்பியிருப்பது, மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்பதற்கான அறிகுறி.

ஆக, டி செல்களைப் பெருக்கினால் போதாது; சரியான இடத்தில், சரியான அளவில் நிறுத்த வேண்டும். 2020இல் வெளியான ரீசஸ் குரங்கு ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. பி.சி.ஜி.யை வழக்கம்போலத் தோலில் போடாமல், அதிக அளவில் சிரை வழியே செலுத்தியபோது, நுரையீரல் திசுவுக்குள்ளேயே ஏராளமான டி செல்கள் நிலைகொண்டன. அந்த 10 குரங்குகளில் 9 நன்கு காக்கப்பட்டன. 6 குரங்குகளில் தொற்றே தென்படவில்லை. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் சிரையில் உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. நுகரும் தடுப்பூசிகள் மீது ஆய்வாளர்களின் கவனம் திரும்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் அளவுகோலின் சிக்கலும் உண்டு. எம்.வி.ஏ.85.ஏ என்ற புதிய தடுப்பூசி, தென்னாப்பிரிக்காவில் சுமார் 2,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. இரத்தத்தில் டி செல்கள் எதிர்வினை காட்டின. ஆனாலும் காசநோயிலிருந்து கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று 2013இல் முடிவு வந்தது. சோதனைகளில் இரத்தத்தை அளக்கிறோம், அதுதான் எளிதில் எடுக்கக் கிடைக்கிறது என்பதால். நோய் நடப்பதோ நுரையீரலில். 2023இல் மட்டும் உலகில் 12.5 லட்சம் பேரைக் கொன்ற நோய் இது. நோயுற்றவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். அடுத்த தடுப்பூசியின் வெற்றியை இரத்தத்தில் டி செல்கள் எத்தனை என்று எண்ணி மட்டும் முடிவுகட்ட முடியாது. அவற்றில் எத்தனை நுரையீரல் திசுவுக்குள் நுழைந்தன, அங்கே எவ்வளவு அடக்கத்தோடு வேலை செய்தன என்பதையும் அளந்தாக வேண்டும்.