காற்றில் நிற்கும் லொறி

லொறியின் பாரத்தை வழக்கமாக வில்லுத் தகடுகளே தாங்குகின்றன. சில லொறிகளிலும் பஸ்களிலும் அவற்றுக்குப் பதிலாகத் தடித்த றப்பர்ப் பைகள் உள்ளன. கொம்பிரசர் அமுக்கும் காற்று பையை உப்பச் செய்ய, அடிச்சட்டம் உயர்கிறது.

வெறுங் காற்றுக்கு இத்தனை வலு எப்படி வந்தது? பையின் தாங்கும் பரப்பு 50 சதுர அங்குலம், அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் எனக் கொள்வோம். பெருக்கினால் 4,000 இறாத்தல். இரு பைகள் 8,000 இறாத்தலைத் தாங்கும். பாரம் ஏற்றுகையில் மட்டம் காக்கும் வால்வு பைக்குள் மேலும் காற்றை விடும், இறக்குகையில் வெளியேற்றும்.

அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் அதிர்வுதாங்கிகள் பழுதடையும். வளைவுகளில் லொறி கவிழும் ஆபத்தும் கூடும்.

காற்றுப்பை ஒரு ஜக் அன்று என்பதை மறவாதீர்கள். அது சில்லை நிலத்திலிருந்து தூக்காது. குழாய் கழன்றாலோ பை வெடித்தாலோ அடிச்சட்டம் நொடியில் கீழிறங்கும். அடியில் படுத்திருப்பவர் தப்ப முடியாது. ஆகவே, லொறியைச் சமதரையில் நிறுத்துங்கள். சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். அடிச்சட்டத்துக்குப் பாரம் தாங்கும் இரும்பு முட்டுக் கொடுங்கள். அதன் பின்னரே அடியில் செல்லுங்கள்.

கசிவைக் கண்டறிய, பையிலும் பொருத்துகளிலும் சவர்க்கார நீரைப் பூசுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம்.