முதலில் தரையைப் பாருங்கள்

சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் நாட்டியப் பள்ளிகளில் பல, நாட்டியத்துக்கென்று கட்டிய இடத்தில் நடப்பவை அல்ல. சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் போனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூடம், தகரக் கூரை போட்ட மொட்டை மாடி, வார நாளில் டியூஷன் நடக்கும் அறை என்று எங்கும் சலங்கைச் சத்தம் கேட்கும். வாடகை அப்படி. வாசல் பலகையில் பரதநாட்டியம், வாய்ப்பாட்டு, கீபோர்டு, வெஸ்டர்ன், கராத்தே எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். பெற்றோர் விசாரிப்பது பெரும்பாலும் மூன்றே விஷயம்: கட்டணம் எவ்வளவு, வீட்டிலிருந்து எத்தனை தூரம், ஆண்டு விழா எந்த அரங்கில். பிள்ளையின் பாதம் படப்போகும் தரை எப்படிப்பட்டது என்று கேட்பவர் அபூர்வம்.

பரதத்தில் முதல் பாடமே தரையில் தட்டுவதுதான். அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, முழுப் பாதமும் படும்படி வெறுங்காலால் தட்ட வேண்டும். ஒரு தட்டடவை முதல் காலத்தில் 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32 என்று செய்தால் ஒரு சுற்றுக்கு 56 தட்டு. பத்துச் சுற்றில் 560. இது ஒரே ஓர் அடவின் கணக்கு. தட்டடவிலேயே பல வகை. பிறகு நாட்டடவு, குதித்து மெட்டும் அடவுகள் என்று வரிசை நீளும். கான்கிரீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸ் தரை இத்தனை தட்டுக்கும் இம்மியளவு அமுங்காது. அது வாங்காத அதிர்ச்சியைக் குதிகாலும் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் வாங்குகின்றன.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்தட்டுகள் இருக்கின்றன. முற்றிய எலும்பின் உறுதி அவற்றுக்குக் கிடையாது. 8 வயதிலிருந்து 14 வயதுக்குள் குதிகாலில் வலி வருவதும், பிள்ளை மளமளவென்று உயரும் பருவத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும் இதனால்தான். பின்னதை மருத்துவர்கள் ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்பார்கள். ஓடிக் குதிக்கும் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடியது. ஓய்வு கொடுத்தால் தணியும், வளர்ச்சி முடிந்ததும் பொதுவாக மறைந்துவிடும். ‘ஆட ஆடச் சரியாகிவிடும்’ என்று தைலம் தடவி அடுத்த வகுப்புக்கு அனுப்பும் வீடுகளில்தான் அது மாதக்கணக்கில் இழுக்கும்.

நல்ல நடனத் தரை என்பது குறுக்குச் சட்டங்களின் மேல், அடியில் காற்று இடைவெளி விட்டுப் பரப்பிய மரப்பலகை. தட்டும்போது அது சற்றே இறங்கி மீளும். சிமென்டின் மேல் நேராக ஒட்டிய மரத்தாளுக்கு அந்தக் குணம் இல்லை. பார்வைக்கு மட்டும் மரம். குழந்தைகள் அறையில் விரிக்கும் ஸ்பாஞ்சு விரிப்பு இன்னொரு கோடியில் ஆபத்து: பாதம் அதில் புதைந்து பிடித்துக்கொள்ள, உடல் திரும்பும், முழங்கால் முறுக்கும். கெட்டியான ரப்பர் விரிப்பு இரண்டுக்கும் நடுவில் ஒப்புக்கொள்ளத் தக்கது. கோயில் கல்தரையில் ஆடியவர்கள் இல்லையா என்று ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு. ஆடினார்கள், அவர்களுடைய முழங்கால்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

தரைக்கு அடுத்தது அரைமண்டி. தொடை இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் பாதத்தின் திசையிலேயே போக வேண்டும். புதிதாக வரும் பிள்ளைக்கு இது வராது. பாதத்தை மட்டும் அகலத் திருப்பி வைத்துக்கொள்ளும், முழங்கால் உள்ளே சரியும். இந்தப் பிழையோடு தட்டினால் மரத்தரையும் காப்பாற்றாது. முப்பது பேரை நாலு வரிசையில் நிறுத்தி, ஒருவரே நடத்தும் வகுப்பில் கடைசி வரிசையின் முழங்கால் யார் கண்ணுக்கும் படாது. ஆசிரியர் தட்டுக்கழி பிடித்துச் சொற்கட்டைத் தாமே சொல்கிறாரா, ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஓட விடுகிறாரா என்பதையும் கவனிக்க வேண்டும். பிள்ளை திணறும்போது தட்டுக்கழி காலத்தைக் குறைக்கும். ஸ்பீக்கர் குறைக்காது. ஐந்து, ஆறு வயதில் சேர்க்கலாம் என்றாலும், அந்த வயதில் நீண்ட நேரம் அரைமண்டியில் நிறுத்தி வைக்கும் வகுப்பு வேண்டாம்.

வார இறுதி வகுப்புக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஐந்து நாள் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கால், சனிக்கிழமை காலை திடீரென்று இரண்டு மணி நேரம் தட்டுகிறது. வீட்டில் தினமும் கால் மணி நேரம் சாதகம் செய்யும் பிள்ளைக்கு இந்தத் தாவல் குறைவு. ஆண்டு விழா நெருங்கும்போது நிலைமை இன்னும் மோசம். ஒத்திகை மூன்று, நான்கு மணி நேரமாகிறது, அடவு நின்றுபோகிறது, ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது, முன்வரிசையில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளை வலியை வெளியே சொல்வதில்லை. மேடை கூச்சத்தைப் போக்கும் என்பது உண்மைதான். அதற்கு இரண்டு மாத ஒத்திகை தேவையில்லை.

அரங்கேற்றத்தை ‘பேக்கேஜ்’ ஆகச் சொல்லும் பள்ளிகளிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற ‘மார்க்கம்’ வரிசையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் அவர்கள் நினைவில் இருந்திருக்க வாய்ப்பில்லை. வர்ணம் ஒன்றே அரை மணி நேரத்துக்குக் குறையாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், தேர்வும் பண்டிகையும் போக ஆண்டுக்கு 40 வாரம் என்றால் மொத்தம் 80 மணி நேரம். மூன்றே ஆண்டில் அரங்கேற்றம் என்று வாக்குக் கொடுப்பவர் 240 மணி நேரத்தில் முழு மார்க்கத்தையும் பிள்ளையின் உடம்பில் ஏற்றப் போகிறார் என்று பொருள். சலங்கை பூஜைக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

வாய்ப்பாட்டு, கீபோர்டு வகுப்புகளில் தரைக் கவலை இல்லை. வெஸ்டர்னில் ஷூ ஓரளவு அதிர்ச்சியை வாங்கும். குதிப்பு அதிகம் என்பதால் விரிப்பு அங்கும் வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் போய்ப் பார்க்க ஏற்றது விழா நாள் அல்ல, சாதாரண சனிக்கிழமை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெற்றோரே அந்தத் தரையில் பத்துத் தட்டு தட்டிப் பார்க்கலாம். குதிகால் பதில் சொல்லிவிடும். வகுப்பு நடக்கும்போது பெற்றோர் பார்க்கக்கூடாது என்று கதவைச் சாத்தும் இடம், காரணம் எதுவானாலும், வேண்டாம். உடை, ஒப்பனை, வீடியோ, அரங்கப் பங்கு என்று பின்னால் வரும் செலவுகளை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கட்டணம் எட்டாதவர்களுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வார இறுதியில் குறைந்த கட்டணத்தில் பாட்டும் பரதமும் ஓவியமும் கற்றுத் தருகிறார்கள். அங்கும் தரையைப் பார்த்த பிறகே விண்ணப்பம் வாங்க வேண்டும்.