பண்ணை கடந்தவர்கள் – 9: தாச்சி

தீவுப்பகுதியிலிருந்து பண்ணை கடந்து போனவர்களுக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஐந்து பேருக்கு ஓர் அறை, வளவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் என்று போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். அந்த அறைகளில் சமைத்து, தைத்து, பிள்ளை வளர்த்த பெண்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கொப்பி கைக்கு வந்துவிட்டது. பெண்கள் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

கரம்பொன்னிலிருந்து கொழும்புக் கடைக்குப் போன ஒரு பெரியவர் வைத்திருந்த சீட்டுக் கொப்பி அது. (கரம்பொன் என்றதும் தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்த ஊர் என்று கடிதம் எழுதும் வாசகர்கள் கொஞ்சம் பொறுங்கள். அடிகளார் ரோமாபுரி வரை போனார். நம்முடைய ஆட்கள் கொட்டாஞ்சேனையோடு நின்றவர்கள்.) சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பிதான். முதற்பக்கத்தின் தலையில் ஒரு சிலுவை. அதற்குப் பக்கத்திலேயே, வேறு கையெழுத்தில், பிள்ளையார் சுழி. காசு போட்டவர்களில் இரண்டு சமயத்தாரும் இருந்தார்கள். ஒருவரும் ஆபத்தை விலைக்கு வாங்க விரும்பவில்லை.

சீட்டு எப்படி ஓடியது என்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. இன்றைய கணக்கில் சொல்கிறேன். இருபது பேர், மாதம் 10,000 ரூபா. சேரும் தொகை இரண்டு இலட்சம். முதல் மாதம் முழுத்தொகையும் தாச்சிக்கு. சீட்டை நடத்துகிறவர் அவர். யாராவது காசு கட்டாவிட்டால் தன் கையிலிருந்து போட வேண்டியவரும் அவர்தான். இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். அவசரக்காரர் 40,000 கழிவு கேட்டால் 1,60,000 எடுத்துக்கொண்டு போவார். அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பிரியும். தங்கைக்குக் கலியாணம் வைத்தவர் முதலில் எடுப்பார். பொறுமைசாலி கடைசி வரை காத்திருந்து இலாபம் பார்ப்பார். ஈடு இல்லை, பிணை இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை. ‘ஆர்ற்ற மகன்’ என்பது தெரிந்தால் போதும்.

அந்தக் காலத்தில் கடைப் பெடியனின் கையில் சம்பளம் புழங்குவதில்லை. அது முதலாளியின் கணக்கில் நிற்கும். இரவில் கடையைப் பூட்டியதும் மேசைக்குக் கீழே பாயை விரித்துப் படுப்பவன், ஒருநாள் அதே தெருவில் தன் பெயரில் பலகை மாட்ட வேண்டும் என்று நினைப்பான். ஆசைக்குக் குறைவில்லை. சில்லறை சில்லறையாக வருவது மொத்தமாகக் கைக்கு வரும் வழிதான் இல்லை. அந்த வழியைச் சீட்டு திறந்தது. சுருட்டுக்கடையில் நின்றவர் பங்குக்காரர் ஆனதும், பங்குக்காரர் முதலாளி ஆனதும் இப்படித்தான்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1935இல், இலங்கையில் சீட்டுக்கென்று தனிக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஈடில்லாமல் ஏழைகளுக்குக் கடன் கொடுத்த வங்கதேசத்தின் கிராமின் வங்கிக்கு 2006இல் நோபல் பரிசு கிடைத்தபோது உலகமே வியந்தது. வியக்கட்டும். எங்கள் தாச்சிமாருக்கு ஒரு பூமாலைகூட விழவில்லை.

எல்லாத் தாச்சியும் அரிச்சந்திரன் அல்ல. காசோடு ஓடியவர்கள் உண்டு. தீவுப்பகுதியில் அவர்களின் பெயர்களை இன்றும் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். 1983 யூலை இனக்கலவரத்தில் கொழும்புத் தமிழர் கடைகள் எரிந்தன. சனம் கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கியது. எரிந்த கடையோடு எத்தனையோ சீட்டுகளும் போயின. இந்தக் கொப்பியின் தாச்சி பாரிஸ் போய், உணவகத்தில் கோப்பை கழுவி, சீட்டுப் போட்டவர்களுக்கு மிச்சக் காசைத் தவணை தவணையாக அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கங்களில் பிராங்க் கணக்கு இருக்கிறது. அங்கேயும் லா சப்பல் பக்கத்தில் புதுச்சீட்டு ஒன்று தொடங்கினாராம். கடை வைக்கத்தான்.

போருக்குப் பிறகு வடக்கில் நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக வந்தன. ஏலமும் இல்லை, கழிவும் இல்லை. வாரா வாரம் படலையில் வசூல்காரன். 2018இல் அரசாங்கமே அந்தக் கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கடன்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களையும் கொட்டாஞ்சேனைப் பெண்களையும் சேர்த்தே அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய சீட்டுக் கொப்பி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பெயர்களை மறைத்தே அனுப்பலாம். எனக்குக் கணக்கு மட்டும் போதும்.