தீவனத்தில் மருந்து – 9: சுண்ணாம்புச்சத்தின் பிடி

பன்றித் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1951இல் இசைவளித்த கதை சென்ற இதழோடு முடிந்தது. மறந்தவர்கள் அதனைப் புரட்டிக்கொள்ளலாம். அவ்வாறு கலந்த மருந்தில் எவ்வளவு பன்றியின் குருதியை எட்டுகிறது என்பதே இவ்வாரக் கேள்வி.

வாய்வழி உட்செல்லும் மருந்தில் குருதியோட்டத்தைச் சென்றடையும் பங்கினை மருந்தியலார் உயிர்க்கிடைப்பு என்பர். டெட்ராசைக்ளின் குடும்பத்து நுண்ணுயிர்க்கொல்லியான ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு இது பன்றிகளில் ஏறத்தாழ 5 விழுக்காடே. அதே குடும்பத்தைச் சேர்ந்ததும் கொழுப்பில் எளிதிற் கரைவதுமான டாக்சிசைக்ளினுக்கு 20 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. குளோர்டெட்ராசைக்ளினின் சிகிச்சை அளவு கிலோ எடைக்கு 22 மில்லிகிராம் என்பதால், 50 கிலோ பன்றி நாளொன்றுக்கு 1,100 மில்லிகிராம் உட்கொண்டாலும், அதன் பெரும்பகுதி குடலைக் கடந்து கழிவோடு வெளியேறிவிடுகிறது.

இதற்குத் தீவனமே முதற்காரணம். எலும்பு வளர்ச்சிக்கெனத் தீவனத்தில் சேர்க்கப்படும் சுண்ணாம்புக்கல் தூளிலுள்ள கால்சியத்தை டெட்ராசைக்ளின் இறுகப் பற்றிக்கொள்ள, அந்தப் பிணைப்பு குடற்சுவரை எளிதில் ஊடுருவ மாட்டாமல் தங்கிவிடுகிறது. டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலுடன் விழுங்கலாகாது என மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதனாலேயே. சிட்ரிக் அமிலம் சேர்த்தால் அது கால்சியத்தை முந்திப் பிடித்துக்கொள்வதால் குருதியில் மருந்தின் அளவு உயர்கிறது.

குடலில் மருந்தைத் தடுக்கும் இதே பற்று, குருதியை எட்டிய சிறுபங்கினை எலும்புக்கு இழுத்துச் செல்கிறது என்பதுதான் வியப்பு. வளரும் எலும்பில் அன்றன்று படியும் கால்சியத்தோடு மருந்தும் படிவதால், அவ்வெலும்பை மெல்லிய சீவலாக அறுத்துப் புறஊதா ஒளியில் நோக்கினால் மஞ்சள் கோடு ஒன்று ஒளிர்கிறது. இடைவெளிவிட்டு இருமுறை மருந்தளித்தால் இரு கோடுகள் தோன்ற, அவற்றிடையேயான தொலைவைக் கொண்டு எலும்பு வளர்ந்த வேகத்தையே கணக்கிடுகின்றனர். சூடானின் பண்டைய நூபியாவில் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டிய மனித எலும்புகளிலும் இவ்வொளிர்வு காணப்பட்டதாக 1980இல் 'சயன்ஸ்' இதழ் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. டெட்ராசைக்ளினைச் சுரக்கும் மண்வாழ் நுண்ணுயிரி தானியத்தில் கலந்து, அத்தானியத்தில் காய்ச்சிய பீர் வழியே மருந்து உடலில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. 2010இல் வேதியியற் பகுப்பாய்வும் எலும்பில் டெட்ராசைக்ளின் இருந்ததை உறுதிசெய்தது. பன்றியை விட்டு இவ்வளவு தொலைவு வந்தது முறையன்று எனினும், இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

நோயுற்ற பன்றி முதலில் தீவனத்தைத்தான் வெறுக்கிறது, ஆயினும் ஓரளவு நீர் அருந்துகிறது. ஆகவே சிகிச்சையே நோக்கமெனில் குடிநீரில் மருந்து கலப்பதே தக்கது. குடற்கிருமிகளுக்கு எதிராகவோ உறிஞ்சப்படாத மருந்தே பயன்படும். குடலில் ஏறத்தாழ உறிஞ்சப்படாத கொலிஸ்டினைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாகச் சொல்லப்பட்டிருந்தது. இடம் தீர்ந்துவிட்டமையால், இந்தியா 2019இல் உணவுக்கான கால்நடைகளில் தடைசெய்த அம்மருந்து அடுத்த இதழில் இடம்பெறும்.