தோட்டமும் ஊராட்சி மன்றமும்: எது சமநீதி?

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று படிக்கிறோம். ஆனால், ஒரே விதியை எல்லாரிடமும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தினால் சமநீதி கிடைத்துவிடுமா? நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் ஊராட்சி மன்றங்களின் பணியையும் சேர்த்துப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

மூன்று குடியிருப்புகள்

இம்மாநிலத்தில் மலாய்க் கம்பம், சீனர் புதுக்கிராமம், தோட்டம் மூன்றும் அருகருகே உள்ளன. கம்பத்து மக்களுக்குப் பெங்குலுவும் கிராமக் குழுவும் உண்டு. அவசரகாலத்தில் தோன்றிய புதுக்கிராமங்கள் பலவற்றில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்கள் அமைந்தன. தோட்டமோ தனியார் நிலம். லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் துரை, கிராணி, மண்டோர் ஆகியோரே நிர்வாகமாக இருந்தனர்.

தோட்டத் தொழிலாளரின் வீடு, குடிநீர், மின்சாரம் ஆகியவை 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி (சட்டம் 446) முதலாளியின் பொறுப்பு. அதனைக் கண்காணிப்பது ஆள்பல இலாகா. வீட்டுக் குப்பை அகற்றும் பணியின் மேற்பார்வையும் 2011 செப்டம்பர் முதல் இம்மாநிலத்தில் கூட்டரசுக் கழகத்திடம் சென்றது. ஆகவே, லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று வருபவரிடம் ஊராட்சி மன்ற ஊழியர், "இது எங்கள் வேலையன்று" என்றால் அது சட்டப்படி சரியே. ஆனாலும், சரியான முகப்பிடம் எது என்று சொல்லி அனுப்புபவருக்கும் வெறுங்கையோடு திருப்பி அனுப்புபவருக்கும் வேறுபாடு உண்டல்லவா?

யாருக்குக் கடிதம் போகிறது?

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகும்போது நிலைமை மாறுகிறது. நில வகை மாற்றம் மாநில அரசின் கையில் உள்ளது. திட்ட அனுமதி ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ளது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி (சட்டம் 172), உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். மறுப்புத் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு.

மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர் நில உரிமையாளர் அல்லர். அவருக்குக் கடிதம் வராது. அவர் கும்பிட்ட கோயிலும் முன்னோரைப் புதைத்த இடுகாடும் தனி நிலமாகப் பதிவாகாவிட்டால் நிலப் பதிவேட்டிலும் இரா. கடிதம் அனுப்பிய ஊழியர் எந்தத் தவறும் செய்யவில்லை. யாரிடமும் இனப் பாகுபாடு காட்டவுமில்லை. ஆயினும், அதிகம் பாதிக்கப்படுபவருக்கே செய்தி தெரியாமல் போகிறது.

உள்ளூர்த் திட்ட வரைவு, அதாவது 'ரஞ்சாஙான் தெம்பாத்தான்', பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது இன்னொரு வாசல் திறக்கிறது. அதற்குக் கருத்தோ மறுப்போ எழுதித்தர நில உரிமை தேவையில்லை. குறைந்தது நான்கு வாரம் அவகாசம் உண்டு. ஆனால், நாளிதழில் வரும் அறிவிப்பைத் தோட்டத்திற்கு யார் எடுத்துச் செல்வது?

நல்ல ஊழியர் அந்த இடத்திற்கே செல்வார். கோயில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். வேலை முடிந்த நேரத்தில் மக்களைக் கூட்டித் தமிழறிந்தவரைக் கொண்டு விளக்குவார். இன்று லயங்களில் வாழும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் மறவார். இவற்றைச் சட்டம் தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவுமில்லை. எனவே, எல்லாம் பொறுப்பில் இருப்பவரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அதனால்தான் மன்றத்தில் அமர்பவர் யார் என்பது முக்கியமாகிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அமைக்கப்பட்ட, செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம், மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

தோட்டத்து வேர்களைக் கொண்ட மாணவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஊராட்சி மன்றத்தின் அறிவிப்புப் பலகையைப் படிப்போம். அதனைத் தமிழில் எடுத்துச் சொல்வோம். மறுப்புக் கடிதத்தை மலாயில் எழுதிக் கொடுப்போம். பட்டம் பெற்றபின் ஊராட்சித் துறையிலும் பணிக்கு விண்ணப்பிப்போம். நாளை அந்த முகப்பிடத்தில் நாமே அமரும்போது, கடிதம் போய்ச் சேராத வீடு எது என்று கேட்கும் ஊழியராக இருப்போம்.