பாட்டரியை அடிவரை வற்றவிடலாகாது

இறைத்த கிணறு ஊறும் என்பது பழமொழி. ஈய பாட்டரிக்கு அது பொருந்தாது. டிராக்டரைக் கிளப்பவும், சூரிய ஒளி மின்வேலிக்கும், பண்ணை விளக்குகளுக்கும் இன்று உபயோகிக்கப்படும் ஈய பாட்டரிகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும் உள்ளமைப்பில் வேறுபட்டவை. ஒன்றின் வேலையை மற்றொன்றினிடம் வாங்குவதாலும், மின்சக்தியை முற்றிலும் இறைத்துவிடுவதாலும், பல ஆண்டுகள் உழைக்கவேண்டியது சில மாதங்களிலேயே கெட்டு வீண் நஷ்டம் நேருகின்றது.

பாட்டரியினுள் ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் உள்ளன. மின்சாரம் செலவாகுங்கால் திராவகத்தின் சாரம் தகடுகளிற் சேர்ந்து ஈய சல்பேட்டாகின்றது; திராவகம் நீர்த்துவிடுகின்றது. உடனே மின்னேற்றினால் சல்பேட்டு பெரும்பாலும் கரைந்து நீங்கும். வற்றிய நிலையிலேயே நாட்கணக்காக விட்டுவைத்தால் அது படிகங்களாக இறுகி, பின்னர் மின்னேற்றத்துக்கு இணங்காது. இக்கேடு எல்லா வகைகளுக்கும் பொதுவாம். மற்றவை வகைதோறும் மாறும்.

1. டிராக்டர் பாட்டரி: தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. சில விநாடிகள் பெருமின்சாரம் கொடுப்பதே இதன் தொழில். அடிவரை வற்றவிடுந்தோறும் தகட்டின் பசை உதிரும். சில பத்துத் தடவைகளிலேயே பயனற்றுப்போகலாம். இதனை இரவெல்லாம் விளக்கெரிக்க உபயோகிப்பது தகாது.

2. தடித்த தகட்டு பாட்டரி: பசை கெட்டியானது. ஆழ்ந்த செலவைச் சில நூறு தடவைகள் தாங்கும்.

3. குழாய்த்தகட்டு பாட்டரி: இதனை டியூபுலர் என்பர். நேர்த்தகட்டின் பசை குழாய்களுள் அடங்கியிருப்பதால் எளிதில் உதிராது. தினமும் பாதியளவு செலவிட்டு மீண்டும் ஏற்றிவரின் ஆயிரம் தடவைகளுக்கு மேலும் உழைக்கக்கூடும். விளக்குக்கும் வேலிக்கும் இதுவே ஏற்றது.

4. மூடிய பாட்டரி: மருந்து தெளிக்கும் கருவிகளில் இது காணப்படும். இதில் நீர் ஊற்ற வழியில்லை. வற்றியபின் அளவுமீறி மின்னேற்றினால் நீர் வாயுவாய் வெளியேறும். அந்நஷ்டத்தை ஈடுசெய்ய இயலாது.

எவ்வகையாயினும் பாதிக்குமேல் செலவிடாதிருத்தல் ஆயுளை நீட்டும். முற்றும் ஏறிய 12 வோல்ட் பாட்டரி, சில மணி நேரம் ஓய்ந்தபின் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 ஆயின் ஏறக்குறைய பாதி செலவாயிற்றென்றும், 11.9க்குக் குறையின் அநேகமாக வற்றியதென்றும் கொள்ளலாம். குறித்த அளவிற்குக் கீழே மின்சாரத்தைத் தானே நிறுத்தும் கருவியை இணைத்துக்கொள்ளுதல் நலம்.

நீர்த்த திராவகத்தைக் கண்டு புதுத் திராவகம் ஊற்றலாகாது. சாரம் தகடுகளிலேயே இருக்கின்றது, மின்னேற்றினால் திரும்பும். மட்டம் குறைந்தால் வாலைநீர் மட்டுமே சேர்க்கவேண்டும். மின்னேற்றும்போது தோன்றும் வாயு எளிதில் தீப்பற்றுமாதலால், காற்றோட்டமான இடத்தில் நெருப்பின்றி வேலைசெய்க.

உழவில்லாக் காலத்தில் டிராக்டர் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சோதித்து மின்னேற்றுக. பஞ்சாயத்து விளக்குகளைப் பொறுப்பிற் கொண்ட கிராம அதிகாரிகளும், வேலைக்கேற்ற வகையைத் தெரிந்தெடுத்து, செலவானதைத் தாமதமின்றி ஈடுசெய்துவரின், பொதுப்பணம் வீணாகாது.